காலுக்குப் பதில் காற்று: ஹோஸ், ரெகுலேட்டர், ஒரு ஜக்கார்டு தறி

இந்த எபிசோட் காற்றைப் பற்றி. வீசுற காற்று இல்லை, டேங்குக்குள் அடைத்து வைத்த காற்று.

பெட்ரோல் பங்க்கில் டயருக்குக் காற்று பிடிக்கும்போது மூன்று பொருள்களைப் பார்த்திருப்பீங்க. எங்கேயோ ஒரு மூலையில் ஓடுகிற கம்ப்ரசர். அங்கிருந்து வண்டி வரைக்கும் வருகிற ஹோஸ். எவ்வளவு பிஎஸ்ஐ வேணும்னு சொன்னதும் அந்த அளவில் நிறுத்துகிற ஒரு கருவி. இதில் கம்ப்ரசரைப் பற்றி மட்டும்தான் எல்லாரும் பேசுவாங்க. எத்தனை ஹெச்பி, எத்தனை லிட்டர் டேங்க்னு கேட்டு வாங்குவாங்க. மீதி இரண்டையும் யாரும் கண்டுக்க மாட்டாங்க.

ஆனா காற்றை அழுத்துவது ரொம்பப் பழைய வித்தை. அந்தக் காற்றை ஒரு தொழிலாளி தன் இடத்திலேயே, தனக்கு வேண்டிய அளவில் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது ஹோஸும் ரெகுலேட்டரும் வந்த பிறகுதான். இந்த எபிசோடின் கதை அதுதான்.

கதை போய்ச் சேரப்போகிற ஊர் தேவிகாபுரம். திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்குத் தெற்கே இருக்கு. மலை மேல் கனககிரீஸ்வரர், கீழே பெரியநாயகி அம்மன் கோயில். விஜயநகர காலக் கட்டடக்கலையைப் பார்க்க விரும்புறவங்க தேடிப் போகிற இடம். அதோடு இது பட்டு நெசவு ஊர். புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டு நெய்கிற வட்டாரம். இந்த மாதிரி ஊரில் ஒரு தறிக்குக் காற்று ஹோஸ் இழுத்தால், மெக்கானிக் பதில் சொல்ல வேண்டிய கேள்வியோடு வக்கீல் பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வியும் கூடவே வருது. அதை எபிசோடின் கடைசியில் பார்ப்போம்.

துருத்தியிலிருந்து சுரங்கம் வரை

அழுத்திய காற்றின் முதல் கருவி துருத்தி. சங்கப் பாடல்களிலேயே கொல்லன் உலையும், அதற்குக் காற்று ஊதும் தோலும் வருகின்றன. கிரேக்க உலகத்தில், அலெக்சாண்ட்ரியாவில், கிமு மூன்றாம் நூற்றாண்டில் டெசிபியஸ் என்பவர் காற்று பம்பும் நீர் ஆர்கனும் செய்தார். இந்த எல்லாவற்றிலும் காற்று அழுத்தப்படும் இடமும் பயன்படும் இடமும் ஒன்றுதான். துருத்தி உலைக்குப் பக்கத்திலேயே இருக்கணும்.

இந்த இரண்டையும் பெரிய அளவில் பிரித்துக் காட்டியது ஆல்ப்ஸ் மலை. பிரான்ஸையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் செனி ரயில் சுரங்கம் 1857இல் தொடங்கியது. சுமார் 13 கிலோமீட்டர் நீளம். மலை மிக உயரம் என்பதால் நடுவில் மேலிருந்து கிணறு மாதிரி தோண்டி உள்ளே இறங்க வழியில்லை. இரண்டு முனையிலிருந்தும் மட்டும்தான் குடைய முடியும். கையால் உளி அடித்துக் குடைந்தால் முடிகிற வேலை இல்லை. நீராவி எந்திரத்தை உள்ளே கொண்டுபோனால் புகையிலேயே ஆட்கள் செத்துப்போவாங்க. வெளியே நீராவி தயாரித்துக் குழாயில் அனுப்பினால் வழியிலேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும்.

பொறியாளர் ஜெர்மெய்ன் சோமெய்யே காற்றைத் தேர்ந்தெடுத்தார். சுரங்கத்துக்கு வெளியே, மலை அருவியின் விசையில் காற்றை வளிமண்டலத்தைப் போல ஆறு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றி, குழாயில் உள்ளே அனுப்பினார்கள். துளையிடும் எந்திரங்கள் 1861இல் இத்தாலியப் பக்கம் ஓட ஆரம்பித்தன. காற்று எவ்வளவு தூரம் போனாலும் காற்றாகவே இருக்கும். வேலை முடிந்து வெளியேறும் காற்று உள்ளே இருக்கும் ஆட்களுக்கு மூச்சுவிடவும் உதவியது. 1870 டிசம்பரில் இரண்டு பக்கமும் சந்தித்தன, 1871 செப்டம்பரில் சுரங்கம் திறந்தது. சோமெய்யே அதற்கு இரண்டு மாதம் முன்னால் இறந்துவிட்டார்.

அந்த ஆறு மடங்கு கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க. இன்றைக்கும் ஒர்க்‌ஷாப் கருவிகள் பெரும்பாலும் ஆறு பார் சுற்றிலேயே ஓடுகின்றன.

இந்தச் சுரங்கத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்த ஒருத்தர்தான் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். சுரங்கத்துக்குள் அத்தனை தூரம் காற்று போகும் என்றால் ரயில் பெட்டிகளுக்கும் போகும் இல்லையா? 1869இல், 22 வயதில், காற்று பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். எஞ்சினில் கம்ப்ரசர், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் வளையக்கூடிய ஹோஸ். ஆனா அந்த முதல் டிசைனில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நடுவில் ஒரு ஹோஸ் பிடுங்கிக்கொண்டால் அதற்குப் பின்னால் இருக்கும் பெட்டிகளுக்கு பிரேக்கே கிடையாது.

1872இல் அதைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டியிலும் சொந்தமாக ஒரு காற்று டேங்க். குழாயில் அழுத்தம் இருக்கும் வரை பிரேக் விலகி நிற்கும். அழுத்தம் குறைந்தால் பெட்டியே பிரேக் போட்டுக்கொள்ளும். ஹோஸ் அறுந்தால் ரயில் நின்றுவிடும். கோட் எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். கனெக்‌ஷன் போனால் சிஸ்டம் எந்த நிலைக்குப் போய் விழணும் என்பதை முதலிலேயே முடிவு பண்ணி வைக்கிறது. காற்று ஹோஸ் போடுகிற எந்த இடத்திலும் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: இது திடீர்னு கழன்றால் என்ன ஆகும்?

ஹோஸுக்குள் நெசவு

ஹோஸ் சாத்தியமானதே சார்லஸ் குட்இயரால்தான். சாதா ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று 1839இல் அவர் கண்டுபிடித்தார். ஆனாலும் வெறும் ரப்பர் குழாயில் ஆறு பார் காற்றை விட்டால் பலூன் மாதிரி ஊதி வெடிக்கும். அதைத் தடுக்கிறது எது தெரியுமா? நூல். பஞ்சர் கடை ஹோஸில் நடு அடுக்கில் பின்னிய நூல் இருக்கும். ஒரு பழைய ஹோஸைக் குறுக்காக வெட்டிப் பாருங்க, உள்ளே ஒரு ரப்பர், வெளியே ஒரு ரப்பர், நடுவில் நூல் வலை. ரப்பருடைய வேலை காற்று கசியாமல் பார்ப்பது. அழுத்தத்தைத் தாங்குவது நூல். அழுத்தக் காற்றின் வரலாற்றில் நெசவுத் தொழில் ஆரம்பத்திலிருந்தே கூட இருக்கு.

ஹோஸும் குழாயும் வந்ததும் அடுத்து ஒரு பெரிய கனவு வந்தது. பாரிஸில் விக்டர் பாப் என்பவர் 1880இல் நிலத்தடிக் குழாய் போட்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை காற்றை 'புஸ்' என்று அனுப்பி, ஊரில் இருந்த கடிகாரங்களை ஒன்றாக ஓடவைத்தார். கொஞ்ச வருஷத்தில் தனியாக அதிக அழுத்தக் குழாய்களும் வந்தன. சின்னச் சின்னப் பட்டறைகள் காற்றுக்கு மீட்டர் வைத்துக் காசு கட்டி, மோட்டார் ஓட்டின. அந்தக் காற்று வலைப்பின்னல் 1994 வரை இயங்கியது.

இதில் அரசியலும் இருந்தது. நீராவி எந்திரம் ஒன்று வாங்கப் பெரிய முதலாளியாக இருக்கணும், அதனால் தொழிலாளி அவருடைய ஆலைக்குப் போகணும். ஜெர்மன் பொறியாளர் ஃபிரான்ஸ் ரூலோ 1870களில் ஒரு வாதம் வைத்தார். சின்ன அளவில், மலிவாக, வீட்டுப் பட்டறை வரைக்கும் விசை கிடைத்தால், கைவினைஞர் தன் இடத்திலேயே இருந்து ஆலையோடு போட்டி போடலாம் என்றார். அந்தக் கனவைக் கடைசியில் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது மின்சார மோட்டார். ஆனா விசை வேலை செய்பவர் வீட்டுக்கு வருமா, அவர் விசை இருக்கும் இடத்துக்குப் போகணுமா என்ற கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கு.

ரெகுலேட்டர் என்ன செய்யுது?

உங்க வீட்டிலேயே ஒன்று இருக்கு. கேஸ் சிலிண்டருக்குள் நம்ம ஊர் வெயிலுக்குப் பல பார் அழுத்தம் இருக்கும். அடுப்புக்கு வர்றது அதில் மிகச் சின்னத் துளி, ஒரு பாரில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். நடுவில் இருக்கிறது அந்த வட்டமான ரெகுலேட்டர்.

உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் தகடு, ஒரு சின்ன வால்வு. ஸ்பிரிங் வால்வைத் திறக்கப் பார்க்கும். வெளியே போகும் பக்கத்து அழுத்தம் ரப்பர் தகட்டை எதிர்த்துத் தள்ளி மூடப் பார்க்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் வால்வு நிற்கும். கருவி காற்றை இழுத்தால் அழுத்தம் இறங்கும், ஸ்பிரிங் ஜெயிக்கும், வால்வு திறக்கும். போதும் என்றதும் மூடும். மின்சாரமும் இல்லை, சென்சாரும் இல்லை. ஒரு ஸ்பிரிங்கில் ஓடுகிற ஃபீட்பேக் லூப். ஒர்க்‌ஷாப் ரெகுலேட்டரில் மேலே ஒரு திருகு இருக்கும். அதைத் திருகுவது என்றால் ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கணும் என்று சொல்வது.

இங்கே நிறையப் பேர் குழம்புற ஒரு இடம் உண்டு. ரெகுலேட்டர் தீர்மானிப்பது எவ்வளவு பலம் என்பதை. எவ்வளவு வேகம் என்பது காற்று எவ்வளவு அளவு பாயுது என்பதைப் பொறுத்தது, அதற்குத் தனியாக ஒரு வேக வால்வு இருக்கு. வேகம் பத்தலைன்னு ரெகுலேட்டரை ஏற்றினால், கருவி தேவைக்கு மேல் முரட்டுத்தனமாக அடிக்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்த மொத்தச் சாமானும் அந்நியம் இல்லை. எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் கோவையில் தொடங்கியது 1960இல். பஞ்சர் கடையில் இருந்து ஆலை வரைக்கும் கம்ப்ரசர் நம்ம ஊர்ச் சரக்கு.

அட்டையைப் பேசினோம், காலை மறந்தோம்

இப்போ தறிக்கு வருவோம். என்னை மாதிரி ஐடி ஆட்களுக்கு ஜக்கார்டு என்றால் உடனே ஞாபகம் வருவது துளை போட்ட அட்டை. 1725இல் லியோன் நகரத்தில் பாசில் பூஷோன் துளையிட்ட காகிதத்தில் ஆரம்பித்து, 1804இல் ஜோசப் மரி ஜக்கார்டு முழு வடிவம் கொடுத்தார். அதைப் பார்த்து சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்கும் அட்டை வேணும் என்றார். கம்ப்யூட்டர் வரலாறு பேசுகிற எல்லாரும் இங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாங்க.

ஆனா அட்டை சொல்றது ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பாவு நூல் மேலே போகணும், எது கீழே நிக்கணும். அந்த நூல்களைத் தூக்குவதற்கான சக்தி அட்டையில் இல்லை. அது நெசவாளரின் காலில் இருந்து வருது.

ஜக்கார்டு வருவதற்கு முன்னால் காஞ்சிபுரம் பக்கம் 'அடை' என்ற முறை இருந்தது. டிசைனுக்கு வேண்டிய நூல்களை முன்கூட்டியே கட்டி வைத்திருப்பாங்க. பக்கத்தில் ஒரு உதவியாள் உட்கார்ந்து வரிசைப்படி இழுத்துக்கொடுப்பார். லியோனிலும் இப்படி இழுக்கிற பையன்கள் இருந்தாங்க. ஜக்கார்டு அந்த உதவியாளின் வேலையை எடுத்துவிட்டது. அவர் கையால் இழுத்த எடை நெசவாளரின் மிதிக்கு வந்தது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். சேலை நீளம் ஐந்தரை மீட்டர், ஒரு அங்குலத்துக்கு 50 ஊடை என்று வைத்துக்கொண்டால், மொத்தம் ஏறத்தாழ 10,800 ஊடை. ஜக்கார்டு டிசைன் ஓடுகிற இடமெல்லாம் ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு மிதி. மேலே இருக்கிற பெட்டியும், தூக்குகிற ஒவ்வொரு நூலின் அடியில் தொங்குகிற சின்ன எடைகளும் சேர்ந்து காலுக்கு எதிராக நிற்கும். 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்புப்படி நாட்டில் நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களும் சேர்ந்து 35 லட்சத்துக்கு மேல், அதில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். அட்டை இருந்த இடத்தில் இப்போ பல ஊர்களில் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது, டிசைன் மெமரி கார்டில் போகுது. தகவல் பக்கம் இரண்டு நூற்றாண்டில் எங்கேயோ போய்விட்டது. மிதி அதே மிதி.

இந்த மிதியின் வேலையை மோட்டார் வைத்தும் செய்யலாம், காற்று உருளை வைத்தும் செய்யலாம். இரண்டும் இந்தியாவில் கைத்தறி ஜக்கார்டுகளில் செய்து பார்த்த வழிகள்தான். மின்சாரச் செலவில் மோட்டார்தான் சிக்கனம், ஏன்னா கம்ப்ரசருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் கடைசியில் உருப்படியான வேலையாக வெளியே வரும். காற்றின் பலம் வேறு இடத்தில் இருக்கு. ஏதாவது சிக்கினால் உருளை சும்மா நின்றுவிடும், எதுவும் எரியாது. பலத்தை ஒரு திருகில் கூட்டிக் குறைக்கலாம். பட்டு நூலுக்கு அது பெரிய விஷயம்.

தறிக்கு ஹோஸ் இழுத்தால்

தேவிகாபுரத்தில் ஒரு தறிக்கு இதைப் பொருத்துவதாக வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை, பத்து சென்டிமீட்டர் தூக்கு, நிமிடத்துக்கு 40 தடவை.

ஐந்து பார் வைத்தால் உருளை சுமார் 100 கிலோ பலத்தில் தள்ளும். ஒவ்வொரு தூக்குக்கும் சுமார் 1.2 லிட்டர் வெளிக்காற்று செலவு, நிமிடத்துக்கு 47 லிட்டர். மூன்று பாருக்கு இறக்கினால் பலம் 60 கிலோ, செலவு நிமிடத்துக்கு 31 லிட்டர். ஒரு ஹெச்பி சின்னக் கம்ப்ரசர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 லிட்டர் கொடுக்கும். அப்போ ஐந்து பாரில் இரண்டு தறி, மூன்று பாரில் மூன்று தறி. 60 கிலோ போதும் என்றால், ரெகுலேட்டரின் திருகைக் கொஞ்சம் தளர்த்தியதிலேயே ஒரு தறி கூடுதலாகக் கிடைக்குது. இது காகிதக் கணக்கு. மோட்டாருக்கு ஓய்வும் வேணும், கசிவுக்கும் இடம் விடணும். ஆனா திசை இதுதான்: வேலை நடக்கிற மிகக் குறைந்த அழுத்தத்தைக் கண்டுபிடித்து அங்கே நிறுத்தணும்.

கசிவு என்றதும் அலட்சியம் வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் ஓட்டை, ஆறேழு பார் அழுத்தத்தில், நிமிடத்துக்கு 60–70 லிட்டரைக் குடித்துவிடும். இப்போ போட்ட கணக்கில் அது இரண்டு தறியின் காற்று. எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

ஹோஸின் விட்டமும் அப்படித்தான். அதே அளவு காற்று போகும்போது விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் வழியில் இழக்கிற அழுத்தம் சுமார் 32 மடங்கு ஆகும். மெல்லிசு ஹோஸ் வாங்கிவிட்டு, கடைசியில் பலம் பத்தலைன்னு கம்ப்ரசரை ஏற்றுவது காசைக் காற்றில் விடுவது. நீளத்துக்குத் தடித்த குழாய், தறிக்குப் பக்கத்தில் மட்டும் குட்டையான ஹோஸ். அந்த நீளக் குழாய்க்கு வீட்டுத் தண்ணீர் பிவிசி பைப்பைப் போடவே கூடாது. தண்ணீர் அழுத்தத்தில் பிவிசி உடைந்தால் ஒழுகும். காற்று அழுத்தத்தில் உடைந்தால் துண்டு துண்டாகச் சிதறி ஆளைக் குத்தும். இரும்பு, செம்பு, அலுமினியம், இல்லைன்னா காற்றுக்கென்றே செய்த குழாய்.

அடுத்தது தண்ணீர். மழைக்கால ஈரக் காற்றை அழுத்திக் குளிரவிட்டால் அதில் இருக்கும் ஈரத்தில் பெரும்பகுதி தண்ணீராக டேங்கின் அடியில் தேங்கும். தினமும் அடி வால்வைத் திறந்து வடிக்கணும். குழாய் லேசாகச் சரிந்திருக்கணும், கிளைகளைக் குழாயின் மேல் பக்கத்திலிருந்து எடுக்கணும், அப்போதான் தண்ணீர் தறிப் பக்கம் வராது. தறிக்கு முன்னால் ஒரு ஃபில்டர், அதற்கு அடுத்து ரெகுலேட்டர். வழக்கமான ஒர்க்‌ஷாப்பில் மூன்றாவதாக எண்ணெய் கலக்கும் ஒரு கிண்ணமும் இருக்கும். 1927இல் அமெரிக்காவில் கார்ல் நார்கிரென் கொண்டுவந்த பனி மாதிரி எண்ணெய் தூவும் முறை அது. பட்டுத் தறியில் அது வேண்டவே வேண்டாம். எண்ணெய் தேவைப்படாத உருளையாகப் பார்த்து வாங்கணும். உருளையிலிருந்து வெளியேறும் காற்றையும் ஒரு சின்ன ஹோஸில் பாவை விட்டுத் தள்ளி விடணும். ஒரு துளி எண்ணெய் கறை பட்டால் அந்தச் சேலையின் கூலியே போச்சு.

கடைசியாகப் பாதுகாப்பு. டேங்கில் இருக்கும் பாதுகாப்பு வால்வை யாரும் அடைக்கக்கூடாது. ஹோஸைக் கழற்றும் முன் காற்றை இறக்கணும். வேலை முடிந்ததும் காற்றால் உடம்பையும் துணியையும் தட்டிக்கொள்கிற பழக்கம் நிறைய ஒர்க்‌ஷாப்பில் இருக்கு, அது கண்ணையும் காதையும் பறிக்கக்கூடியது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி சுத்தம் செய்யும் காற்றை 30 பிஎஸ்ஐக்குள், அதாவது சுமார் இரண்டு பாருக்குள், நிறுத்தச் சொல்லுது. வெஸ்டிங்ஹவுஸ் கேள்வியும் மறக்கக்கூடாது. காற்று நின்றால் ஜக்கார்டு மெதுவாகக் கீழே இறங்கணும், திடீரென விழுந்தால் நூல் அறும்.

யார் வீட்டில் கம்ப்ரசர்?

ஒரு கம்ப்ரசர், மூன்று தறி. கணக்கு சரி. ஆனா மூன்று தறி மூன்று வீட்டில் இருக்கு. கம்ப்ரசரை எங்கே வைப்பது? மூன்று பேரையும் ஒரே கொட்டகைக்கு வரச் சொல்லலாமா?

இதை ஒருத்தர் முன்னாடியே செய்து பார்த்தார். ஆல்ஃபிரட் சாட்டர்டன், சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். மதராஸ் மாகாணத்தில் அலுமினியப் பாத்திரம், குரோம் தோல், எண்ணெய் எஞ்சின் பம்பு என்று பல தொழில்களுக்கு விதை போட்டவர். 1906 வாக்கில் சேலத்தில் அரசு செலவில் ஒரு கைத்தறிக் கூடம் தொடங்கினார். நாடாவைக் கயிற்றால் இழுத்து ஓட்டும் தறி, மேம்பட்ட பாவு ஓட்டும் முறை, எல்லாம் ஒரே கூரைக்குள். தொழில்நுட்பத்தில் குறை இல்லை. நெசவாளர்களுக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. வீட்டில் குடும்பத்தோடு, தன் நேரத்துக்கு நெய்தவர்கள் மணி அடித்தால் வரும் கூலியாக மாற விரும்பவில்லை. கடைசியில் 1910இல், அரசு தொழில் நடத்தக்கூடாது என்று லண்டனில் இருந்த அமைச்சர் மார்லி முடிவெடுக்க, கூடமும் மூடப்பட்டது.

ஆனா கயிறு இழுத்து ஓட்டும் நாடா சாகவில்லை. அது வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. நெசவாளர்கள் மறுத்தது எந்திரத்தை இல்லை, கொட்டகையை. அதனால் காற்று வருவதாக இருந்தால் அது வீட்டுக்கு வரணும். பக்கத்து வீடுகளுக்குள் குழாய் பகிர்ந்துகொள்ளலாம், ஆனா ஒவ்வொரு தறிக்கும் தனி ரெகுலேட்டர், அதன் திருகு நெசவாளர் கையில்.

இது கைத்தறியா?

இப்போ வக்கீல் கேள்வி. 1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்குது. முதலில் 22 வகை, 1996க்குப் பிறகு 11 வகை. அதில் சேலையும் ஒன்று. அந்தச் சட்டத்தில் கைத்தறி என்றால் விசைத்தறி அல்லாத தறி. விசைத்தறி என்றால் விசையால் இயங்கும் தறி. விசை என்றால் என்ன என்பதற்கு அது 1948 தொழிற்சாலைச் சட்டத்தைக் கைகாட்டுது. மின்சாரம், அல்லது மனிதராலோ விலங்காலோ உருவாகாத, எந்திர வழியாகக் கடத்தப்படும் எந்தச் சக்தியும் விசை. கம்ப்ரசர் காற்றுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கு இல்லையா?

மறுபக்கம் இதே அரசு நெசவாளரின் உடல் பாரத்தைக் குறைக்க ஒரு திட்டம் வச்சிருக்கு. ஹத்கர்கா சம்வர்தன் சகாயதா என்று பெயர். மேம்பட்ட தறிக் கருவிகளின் விலையில் 90 சதவீதத்தை மத்திய அரசு கொடுக்குது. பாரத்தைக் குறை என்கிறது ஒரு கை. விசை வந்தால் நீ கைத்தறி இல்லை என்கிறது இன்னொரு கை.

12ஆவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கான ஆலோசனைகளில் ஒரு யோசனை வந்தது. நெசவின் ஏதாவது ஒரு செயலுக்காவது மனிதக் கை தேவைப்பட்டால் அந்தக் கலப்புத் தறியையும் கைத்தறி என்று சொல்லலாம் என்றார்கள். நெசவாளர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, வரையறை மாறவில்லை. எதிர்த்ததில் நியாயம் இருக்கு. நெசவில் மூன்று முக்கிய அசைவுகள்: பாவைப் பிரிப்பது, நாடாவை ஓட்டுவது, ஊடையை அடித்துச் சேர்ப்பது. ஒன்று மட்டும் கையால் என்றால், மற்ற இரண்டையும் எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு கைத்தறி முத்திரையை ஒட்டிக்கொள்ளலாம். பெரிய ஆலைகளில் நாடாவே இல்லாமல் காற்றால் ஊடையைப் பறக்கவிட்டு நெய்கிற தறிகளும் இருக்கு. அந்தப் பாதையில் முதல் அடி எங்கே என்று நெசவாளருக்குத் தெரியும்.

என் நிலைப்பாட்டைச் சொல்றேன். சட்டம் அசைவைப் பெயர் சொல்லி எழுதணும். நாடா ஓட்டுவதும் அடித்துச் சேர்ப்பதும் கையில் இருக்கணும், ஏன்னா துணியின் இறுக்கமும் கரையின் நேர்த்தியும் அங்கேதான் பிறக்குது. ஜக்கார்டைத் தூக்குவதற்கு மட்டும் வெளிச் சக்தியை அனுமதிக்கலாம். எந்த நூல் மேலே போகணும் என்பதை 1804இலேயே அட்டைக்குக் கொடுத்துவிட்டோம். மிச்சம் இருந்தது வெறும் எடை தூக்கும் வேலை, அதைச் சுமந்தது ஒரு மனுஷியின் முழங்கால். சேலையின் மதிப்பு அவங்க மூட்டு தேய்ந்ததில் இருக்குன்னு வாங்குறவங்க யாராவது சொல்வாங்களா? அப்படித் தூக்கிய சேலை என்பதை மறைக்காமல் விற்கணும், அது வேறு பொறுப்பு.

இந்த வரம்பை டெல்லியில் உட்கார்ந்து எழுதும்போது, தேவிகாபுரத்திலும் ஆரணியிலும் மிதியில் கால் வைத்திருக்கிறவங்களை முதலில் கேட்கணும்.

உங்க குடும்பத்தில் நெசவு செய்றவங்க இருந்தா அவங்ககிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டு, என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க. மாற்றுக் கருத்து இருந்தால் இன்னும் சந்தோஷம். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.